உயர்மலையில் தாமிரச் சுரங்கம் கட்டுவது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர், அத்திப்பட்டு, மணலி, காட்டுப்பள்ளி பக்கம் பிறந்தவர்களுக்கு ஏதாவது ஒரு புராஜெக்ட் சைட்டில் வேலை பார்த்த சொந்தக்காரர் கட்டாயம் இருப்பார். ஃபிட்டர், பாரம் தூக்கும் ரிக்கர், வெல்டர், பிளானிங் இன்ஜினியர் என்று அனல்மின் நிலையமும் ரிஃபைனரியும் துறைமுகமும் வளர்த்த ஆட்கள் நாம். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் தாமிரச் சுரங்கம் கட்டும் பணியில் பிளானிங்கிலும் கட்டுமான மேலாண்மையிலும் இருந்தவன் என்பதால், திருவொற்றியூர் தேரடியில் நின்றாலும் மீஞ்சூர் ரயிலில் உட்கார்ந்தாலும் என்னிடம் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சுரங்கம்னா தோண்டுறதுதானே அண்ணா? அதில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது?

தோண்டுவது சின்னப் பகுதி. இன்றைய பெரிய தாமிரச் சுரங்கங்களில் தாதுவில் இருக்கும் தாமிரம் பல இடங்களில் அரை சதவீதம்தான். நூறு டன் பாறையை உடைத்தால் 500 கிலோ தாமிரம் இருக்கும், அதிலும் கைக்கு வருவது 450 கிலோ அளவு. இந்தக் கணக்கு கட்டுபடியாக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் பாறையை அரைத்தாக வேண்டும். சிலியின் கெப்ராடா பிளாங்கா இரண்டாம் கட்டம் ஒரு நாளைக்கு 1,43,000 டன் அரைக்கும்படி வடிவமைக்கப்பட்டது.

அதற்கு முதல்நிலை கிரஷர், கிலோமீட்டர் கணக்கில் கன்வேயர், அரைக்கும் மில்கள், நுரையில் தாமிரத் துகளைப் பிரிக்கும் ஃப்ளோட்டேஷன் தொட்டிகள், சேற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் திக்கனர், கழிவுச் சேற்றைத் தேக்கும் அணை, தண்ணீர்க் குழாய், உயர் அழுத்த மின்பாதை, தாதுத்தூளை இறக்கும் குழாய், துறைமுகம் எல்லாம் வேண்டும். நம் ஊரில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி புராஜெக்ட். அங்கே எல்லாம் ஒரே புராஜெக்ட், ஒரே தொடக்க தேதி.

எந்தச் சுரங்கங்களைச் சொல்கிறீர்கள்? உண்மையிலேயே எவ்வளவு உயரம்?

சிலியில் கொய்யாவாசியும் கெப்ராடா பிளாங்காவும் ஏறத்தாழ 4,400 மீட்டரில் இருக்கின்றன. பெருவில் அன்டமினா 4,300, டோரோமோச்சோ 4,500-ஐ ஒட்டி, லாஸ் பாம்பாஸ் 4,000-க்கு மேல். கெயவெக்கோ 3,500 மீட்டரில் இருந்தாலும் அதற்குத் தண்ணீர் தேக்கும் விஸ்காச்சாஸ் அணை அதைவிட நன்றாக மேலே இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி உச்சியில் இன்னொரு ஊட்டியை வைத்தால் வருகிற உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போனால் மூச்சு முட்டுமா? உடம்பு தாங்குமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கவும் வேண்டும்.

4,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 58 சதவீதம். காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் அதை நுரையீரலுக்குள் தள்ளும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் நினைவிருக்கும். நம் வீட்டில் 97, 98 காட்டியது அங்கே நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் 80-களில்தான் நிற்கும். முதல் இரண்டு நாள் தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் சகஜம். இதைச் சிலியில் புனா என்பார்கள், பெருவில் சொரோச்சே என்பார்கள்.

தலைவலி தாங்கிக்கொள்ளக்கூடியது. ஆபத்தானவை இரண்டு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று, மூளை வீங்குவது இன்னொன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறினால், பேச்சு குழறினால் அந்த ஆளை உடனே ஆக்சிஜனோடு கீழே இறக்க வேண்டும். "ஷிஃப்ட் முடியட்டும், காலையில் பார்க்கலாம்" என்று சொல்லும் சூப்பர்வைசரை அந்தப் பொறுப்பில் வைத்திருக்கக் கூடாது. நான் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சுரங்கத் தொழிலாளியின் நிலை மலையேறுபவரிடமிருந்து வேறுபட்டது. மலையேறுபவர் மெல்ல ஏறி உடம்பைப் பழக்கிக்கொள்வார். இவரோ கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறி சில மணி நேரத்தில் 4,000 மீட்டர் போய், ஏழு நாளோ பதினான்கு நாளோ வேலை செய்து, திரும்பக் கீழே வந்து உடம்பு பழகியதை இழந்து, மறுபடி ஏறுவார். இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதனால்தான் சிலியில் 3,000 மீட்டருக்கு மேல் வேலை செய்பவர்களுக்குத் தனி மருத்துவ விதிகள் உண்டு.

நிர்வாகத்தின் கையில் இருக்கும் பெரிய மருந்து தூக்கம். ஆட்கள் தங்கும் கேம்பை முடிந்த அளவு தாழ்வான இடத்தில் கட்ட வேண்டும். முடியாவிட்டால் படுக்கை அறையில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டலாம். இதை ஆராய்ந்தவர் ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர். அறைக் காற்றில் ஆக்சிஜனை 1 சதவீதம் கூட்டினால் அந்த அறை ஏறத்தாழ 300 மீட்டர் கீழே இறங்கியதற்குச் சமம். 21-ஐ 25 ஆக்கினால் 4,400 மீட்டரில் படுத்திருப்பவர் 3,200 மீட்டரில் தூங்குகிறார். கேம்ப் பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது இதில்தான், கடைசியாக வெட்ட வேண்டியதும் இதுதான்.

யார் போகவே கூடாது?

கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, அதிக உடல் பருமன் உள்ளவர்களை மருத்துவர் பெரும்பாலும் நிறுத்திவிடுவார். அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் கட்டாயம் போகக் கூடாது. பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள். அங்கே பெரிய மருத்துவமனை மலைப்பாதையில் பல மணி நேரத் தொலைவில் இருக்கும்.

கோக்கா இலை டீ குடித்தால் சரியாகிவிடுமாமே?

பெருவில் வீட்டுக்கு வீடு குடிப்பார்கள், அங்கே அது சட்டப்படி சரி. ஆனால் ஒரு கோப்பை குடித்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கைன் பாசிட்டிவ் காட்டலாம். சைட்டில் பரிசோதனை உண்டு. குடிக்காதீர்கள்.

வேலை எவ்வளவு மெதுவாகும்? ஷெட்யூல் எப்படிப் போடுவது?

முழு மூச்சாக உழைக்கும் திறன் அந்த உயரத்தில் கால் பங்குக்கு மேல் குறையும். ஆனால் ஷெட்யூலில் அடி விழுவது அதைவிட அதிகம். மேலே ஏறிய முதல் நாள் பாதி வேலைகூட நடக்காது. பஸ் நேரம், மருத்துவச் சோதனை, மின்னல் நிறுத்தம், காற்று நிறுத்தம் எல்லாம் மணிகளைத் தின்னும். ஒரு ஆளை வேலையில் நிறுத்த இன்னொரு ஆள் ஓய்வில் இருக்க வேண்டும், இருவருக்கும் சம்பளம், ஒவ்வொருவருக்கும் கட்டில், சாப்பாடு, தண்ணீர். எண்ணூரில் ஆள் பற்றாக்குறை என்றால் சப்-கான்ட்ராக்டரிடம் சொல்லி நாளைக்கு இருபது பேரைக் கூட்டி வரலாம். அங்கே கட்டில் காலி இல்லையென்றால் ஒரு ஆள்கூட வர முடியாது. கேம்பின் கட்டில் எண்ணிக்கைதான் ஷெட்யூலின் உண்மையான எல்லை.

ஆகவே நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான். மேலே செலவாகும் ஒவ்வொரு மேன்-அவரையும் (ஒரு ஆளின் ஒரு மணி நேர வேலையை) கடலோரத்துக்கு இறக்கப் பாருங்கள். முன்கூட்டியே இணைத்த குழாய்த் துண்டான பைப் ஸ்பூலைக் கீழே வெல்ட் செய்து, எக்ஸ்ரே எடுத்து, பெயின்ட் அடித்து ஏற்றுங்கள். குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்கைக் கேபிள் டிரேயோடு சேர்த்து மாட்யூலாக, அதாவது அப்படியே ஏற்றி அனுப்பும் முழுத் தொகுதியாகக் கட்டுங்கள். மின்சாரத்தைத் திறந்து மூடிப் பகிரும் சுவிட்ச்கியர் அறையை முழு அறையாகவே தொழிற்சாலையில் கட்டி, வயரிங் முடித்து, சோதித்து அனுப்புங்கள். மேலே வந்து போல்ட் முடுக்கி கேபிள் இழுப்பது மட்டும் மிச்சமிருக்கட்டும். டிசைன் ஆரம்பிக்கும் நாளிலேயே இதை முடிவு செய்ய வேண்டும். டிராயிங் வெளிவந்த பிறகு "மாட்யூலாக்கலாமா" என்று கேட்டால் காலம் கடந்துவிட்டது.

மாட்யூலின் அளவைத் தீர்மானிப்பது துறைமுகத்திலிருந்து மேலே போகும் சாலை. வளைவின் ஆரம், பாலத்தின் தாங்குதிறன், மின்கம்பியின் உயரம், சுரங்கப்பாதையின் அகலம் எல்லாவற்றையும் முதலில் அளந்துவிட்டு அப்புறம்தான் ஸ்டீல் டிராயிங் போட வேண்டும்.

நம் ஊர் மெஷின் அங்கே ஓடுமா?

ஓடும், ஆனால் கேட்லாக்கில் போட்டிருக்கும் அளவுக்கு ஓடாது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி இழக்கும். ஜெனரேட்டர், வெல்டிங் செட், கம்ப்ரசர் எல்லாவற்றையும் ஒரு படி பெரிதாக வாங்க வேண்டும்.

மின்சாதனத்தில் விஷயம் இன்னும் நுட்பம். வழக்கமான சுவிட்ச்கியர் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் வடிவமைக்கப்படுகிறது. காற்று மெலிதானால் அதன் மின்காப்பும் குறையும், சூட்டைக் கொண்டுபோகும் திறனும் குறையும். 4,400 மீட்டருக்கு ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தர அமைப்பின் திருத்தக் கணக்குப்படி வெளிக் காற்றிலான மின்காப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேண்டும். வாங்கும் ஆவணத்தில் உயரம் என்ற ஒரு வரி விடுபட்டால் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பிறகு அத்தனையும் உபயோகமில்லாமல் போகும்.

பம்பிலும் கவனம் வேண்டும். இங்கே வளிமண்டலம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும், அங்கே 6 மீட்டர்கூட இல்லை. தரைக்குக் கீழே இருக்கும் குழியிலிருந்து இங்கே சுலபமாக உறிஞ்சும் பம்ப் அங்கே வெறுமனே இரையும். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மெஸ்ஸில் குக்கர் இல்லாமல் சோறு வேகாது என்பதையும் நம்மவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கான்கிரீட் போடுவதில் என்ன வித்தியாசம்?

இங்கே சித்திரை வெயிலில் பெரிய ராஃப்ட் அஸ்திவாரம் போடும்போது கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட்டில் ஐஸ் கொட்டுவோம். அங்கே தண்ணீரை பாய்லரில் சூடாக்கிக் கலக்க வேண்டும். இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று வறட்டுக் காற்று. போட்ட சில நிமிடங்களில் மேற்பரப்பில் ஈரம் பறந்து முடி போன்ற விரிசல் ஓடும்.

மில் அஸ்திவாரம் மாதிரி கனமான கான்கிரீட்டில் உள்ளே சிமென்ட் சூட்டினால் வெந்துகொண்டிருக்கும், வெளியே பனி. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல் போனால் வெடிப்பு விடும். அதனால் உள்ளே வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் புதைத்து, மேலே கூடாரம் கட்டி, ஹீட்டர் வைத்து, கம்பளம் போர்த்தி, ராத்திரி முழுக்க ஒரு ஆள் அளவைக் குறித்துக்கொண்டே இருப்பார். கம்பளத்தை எப்போது எடுப்பது என்று தேதி பார்த்து முடிவு செய்யக் கூடாது, அந்த அளவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உறைந்து உருகும் சுழற்சியைத் தாங்க கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் இருக்கும்படி கலவையும் மாறும். வேகமாகப் போக வேண்டுமென்றால் முடிந்த இடத்திலெல்லாம் முன்பே வார்த்து எடுத்துவரும் பிரீகாஸ்ட்தான் வழி.

அந்தப் பாலைவன மலையில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் இருக்கும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நமக்குத் தெரியும். 2010-ல் திறந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். சிலியின் எஸ்கொண்டிடா சுரங்கத்துக்காக 2018-ல் திறந்த ஆலை விநாடிக்கு 2,500 லிட்டர், அதாவது நாளுக்கு 21 கோடி லிட்டருக்கு மேல். அந்தத் தண்ணீர் 180 கிலோமீட்டர் போய் 3,200 மீட்டர் ஏறுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் கடல்நீரை நல்ல தண்ணீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரை 3,200 மீட்டர் தூக்க, பம்பில் ஒரு இழப்பும் இல்லை என்று வைத்தாலே 8.7 யூனிட். இழப்பையும் குழாய் உராய்வையும் சேர்த்தால் 11-ஐத் தாண்டும். உப்பை எடுப்பதைவிட மேலே ஏற்றுவதற்குத்தான் அதிக மின்சாரம். அப்படியிருந்தும் செய்கிறார்கள், ஏனென்றால் மலைமேல் நிலத்தடி நீரை எடுத்தால் அங்குள்ள ஈர நிலங்கள் காய்ந்துவிடும். பொஃபெடால் என்ற அந்தப் பசும்புல் சதுப்புகளை நம்பித்தான் லாமாவும் அல்பாக்காவும் மேய்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

குழாய் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று. மலைச்சரிவில் ஹைட்ரோ டெஸ்ட் (குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது) எடுக்கும்போது மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 300 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், தண்ணீர் நிரப்பிய மாத்திரத்திலேயே கீழ் முனையில் 30 பார் கூடுதலாக நிற்கும். தூரத்தைப் பார்த்து செக்‌ஷன் பிரிக்கக் கூடாது, உயரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். டெஸ்ட்டுக்கான தண்ணீர் எங்கிருந்து வரும், முடிந்ததும் எங்கே போகும் என்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

எரெக்‌ஷனில் (இயந்திரங்களை நிறுத்திப் பொருத்துவதில்) கஷ்டமான வேலை எது?

என்னைக் கேட்டால் அரைக்கும் மில்தான். பாறையையும் இரும்புக் குண்டுகளையும் சேர்த்து உருட்டி அரைக்கும் பெரிய சாக் மில்லின் விட்டம் 40 அடி, மோட்டார் 20 மெகாவாட்டுக்கு மேல். கியர் கிடையாது. மில்லின் உடம்பையே மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டராக்கி, காந்தத் துருவங்களை அதன்மேல் போல்ட் செய்து, சுற்றி வளையமாக, சுழலாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரை நிறுத்துவார்கள். ஸ்டேட்டர் முழு வளையமாகச் சாலையில் வர முடியாது, பெரும்பாலும் நான்கு துண்டுகளாக வரும். துண்டுகள் சேரும் இடத்தில் காயில்களை சைட்டிலேயே இணைத்து, இன்சுலேஷன் சுற்றி, சோதிக்க வேண்டும்.

இதைக் கட்டுமான சைட்டின் நடுவே செய்ய வேண்டும். மேலே கிரேன் ஓடும், பக்கத்தில் கிரைண்டிங் பொறி பறக்கும், வெளியே மண்புயல். அதனால் ஸ்டேட்டரைச் சுற்றிக் கூடாரம் போட்டு, உள்ளே காற்றை வடிகட்டி, ஈரம் படியாமல் ஹீட்டர் வைத்து, உள்ளே போகிறவர் காலணிக்கு மேல் உறை மாட்டித்தான் போக வேண்டும். பாக்கெட்டில் பேனாகூட இருக்கக் கூடாது. கடைசியில் 12 மீட்டர் விட்டத்தில் சுழலும் பொருளுக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி விரலளவு, ஏறத்தாழ 15 மில்லிமீட்டர்.

இந்த வேலைக்கு முந்திய மாதங்களில் மேல்கூரையும் சுவர்ப் பூச்சும் முடிந்திருக்க வேண்டும். கூரைக்கு வேண்டிய ஷீட் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டு அதனால் மில் நிற்பது அடிக்கடி நடப்பது. பிளானிங்கில் இருப்பவர்கள் மில்லைக் கிரிட்டிக்கல் பாத் (தாமதமானால் முடிவுத் தேதியையே தள்ளும் வேலை) என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள், கூரை ஷீட்டை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மின்னல், பனி பற்றிச் சொல்கிறார்களே?

சிலியின் வடக்கு மலைகளில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மதியத்துக்கு மேல் இடி மின்னல். அங்கே கோடைகாலம் அது, ஆனாலும் மேட்டுநிலக் குளிர்காலம் என்றே பெயர். மரமே இல்லாத மலையில் கிரேனின் நீண்ட கையான பூம்தான் உயரமான பொருள். மின்னல் கண்டறியும் கருவி சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் கிரேனை இறக்கிவிட்டு அத்தனை பேரும் பஸ்ஸுக்குள்ளோ காப்பிடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். ஜூன், ஜூலையில் பனிப்புயல் வந்து சாலை மூடும். இவற்றை "எதிர்பாராத தாமதம்" என்று ரிப்போர்ட்டில் எழுதுவது எனக்கு எரிச்சல். ஆண்டுதோறும் வருவது எப்படி எதிர்பாராதது ஆகும்? ஐப்பசி கார்த்திகையில் எண்ணூரில் மண் வேலையை ஷெட்யூலில் போடுவோமா?

எல்லா புராஜெக்டும் பட்ஜெட்டைத் தாண்டுகிறதே, ஏன்?

எல்லாமும் இல்லை. கெயவெக்கோ 2018-ல் ஒப்புதல் பெற்று, இடையில் கொரோனாவையும் தாண்டி, 2022 ஜூலையில் தாமிரம் கொடுத்தது. செலவு 550 கோடி டாலர் அளவு, முதல் மதிப்பீட்டிலிருந்து பெரிதாக விலகவில்லை. கெப்ராடா பிளாங்கா இரண்டாம் கட்டம் 470 கோடி டாலரில் தொடங்கி 860 கோடியைத் தாண்டியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் வேலை நின்றது, திரும்ப ஆரம்பித்தபோது கேம்பில் இடைவெளி விட்டுத்தான் ஆட்களைத் தங்கவைக்க முடிந்தது. கட்டில் கணக்கு பற்றி நான் மேலே சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு காரணம் ஒப்பந்த முறை. நம் அனல்மின் நிலையங்களில் மொத்தத் தொகைக்கு ஒரே கம்பெனி எடுத்துக் கட்டும் முறை நமக்குப் பழக்கம். ஆண்டிஸில் பெரும்பாலும் ஒரு பொறியியல் நிறுவனம் டிசைன், கொள்முதல், கட்டுமான மேலாண்மை மூன்றையும் செய்யும், ரிஸ்க் முதலாளியின் தலையில் இருக்கும். கட்டுமான கான்ட்ராக்டர்கள் தனித்தனி. ஒருவர் பத்து நாள் தாமதமானால் அடுத்தவர் நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போடுவார். ஆகவே கட்டுமான மேலாளரின் வேலையில் பாதி, ஏரியாவை ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவருக்குச் சொன்ன தேதியில் கைமாற்றுவது. டிராயிங், மெட்டீரியல், வேலையிடம் மூன்றும் தயாராக இல்லாமல் கான்ட்ராக்டரை மேலே ஏற்றுவதைவிடப் பெரிய செலவு வேறு கிடையாது. டிசைன் முடியாமலேயே ஆட்களை ஏற்றிவிட்டு "வேலை ஆரம்பித்துவிட்டோம்" என்று பங்குதாரர்களுக்குக் காட்டும் புராஜெக்ட்தான் பிறகு ரத்தம் கக்கும்.

உள்ளூர் மக்கள் எதிர்க்கிறார்களாமே?

எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. டோரோமோச்சோவுக்காக மொரோகோச்சா என்ற முழு ஊரையே இடம் மாற்றினார்கள், ஏறத்தாழ 5,000 பேர். லாஸ் பாம்பாஸில் தாதுத்தூளைக் குழாய் வழியே கொண்டுபோவதாகத் திட்டம் இருந்தது. பிறகு அது மாறி லாரிகள் வந்தன. மண்சாலையில் இரவும் பகலும் லாரி, வீட்டுக்குள் புழுதி. ஊர்க்காரர்கள் சாலையை மறித்தார்கள். 2015-ல் உயிர்கள் போயின. 2021 டிசம்பரில் மறியலால் உற்பத்தியே நின்றது. காகிதத்தில் அது வெறும் டிசைன் மாற்றம், சாலையோரம் குடியிருப்பவருக்கு வாழ்க்கை மாற்றம். சுரங்கத்திலிருந்து ஹுவார்மே துறைமுகம் வரை 300 கிலோமீட்டருக்குக் குழாய் போட்ட அன்டமினா அந்தப் புழுதியைத் தவிர்த்தது.

கெயவெக்கோவில் கட்டுமானத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே பேச்சுவார்த்தை மேசை போட்டு 26 உறுதிமொழிகளை எழுதினார்கள். குடிக்க உதவாத தித்திரே ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் எடுத்துக்கொள்வது, அணை நீரில் ஒரு பங்கை விவசாயத்துக்கு விடுவது என்று தெளிவாக இருந்தது. அந்தப் புராஜெக்ட் நேரத்துக்கு முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

கழிவை எங்கே கொட்டுகிறார்கள்?

நூறு டன் அரைத்தால் தாதுத்தூளாகக் கீழே போவது இரண்டு டன்கூட இல்லை. மீதி 98 டன் தண்ணீரோடு கலந்த மணலும் சேறுமாக அணைக்குப் பின்னால் நிற்கும். டெய்லிங்ஸ் என்பது அதுதான். கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது என்ன பொருள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1965-ல் சிலியில் நிலநடுக்கத்தின்போது எல் கோப்ரே கழிவணை உடைந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு, பழைய சேற்றின் மேலேயே சாய்த்து அணையை உயர்த்தும் முறையை அந்த நாடு 1970-ல் தடை செய்தது. பிரேசில் தடை செய்யாமல் விட்டது, 2019 ஜனவரியில் புருமாடின்யோவில் 270 பேர் போனார்கள். அடுத்த ஆண்டுதான் உலக அளவிலான கழிவணைத் தரநெறி வந்தது.

இந்த அணை கட்டி முடித்துவிட்டுப் போகிற பொருள் கிடையாது. முதல் அணையை நாம் கட்டுவோம், பிறகு கழிவிலிருந்து பிரித்த மணலாலேயே ஆண்டாண்டாக உயர்த்துவார்கள். மணலில் தண்ணீர் வடியும் வேகம்தான் உயர்த்தும் வேகம். கெப்ராடா பிளாங்காவில் மணல் எதிர்பார்த்தபடி வடியாததால் 2025-ல் உற்பத்தியையே குறைக்க வேண்டி வந்தது. அத்தனை பெரிய மில்லும் மோட்டாரும் தயாராக நின்றன. கட்டுமானத் திட்டத்தில் அணைக்கு மில்லைவிடப் பெரிய இடம் கொடுங்கள், அதற்குத் திறமையான ஆட்களை அனுப்புங்கள்.

கமிஷனிங்கில் (ஆலையைச் சோதித்து ஓட்டத் தொடங்குவதில்) என்ன கவனிக்க வேண்டும்?

வேலை 70 சதவீதம் வந்ததும் ஏரியா வாரியாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு சிஸ்டம் வாரியாக முடிக்க ஆரம்பியுங்கள். தண்ணீர், காற்று, மின்சாரம் முதலில். பாறையை உள்ளே விடுவதற்கு முன் தண்ணீரை மட்டும் விட்டு ஓட்டிப் பாருங்கள். மீதி நம் ஊர் மாதிரிதான்.

எங்களுக்கு அங்கே வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்கிறேன். வெல்டர், ரிக்கர், ஃபிட்டராகப் போவது கடினம். சிலியில் 25 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் 85 சதவீதம் உள்நாட்டவராக இருக்க வேண்டும். பெருவில் வெளிநாட்டவர் 20 சதவீதம்தான் இருக்கலாம். அவர்களிடமே நல்ல கைத்திறன் உள்ளவர்கள் ஏராளம். போகிறவர்கள் பிளானிங், தரக்கட்டுப்பாடு, கமிஷனிங் ஸ்பெஷலிஸ்ட், இயந்திரம் கொடுத்த கம்பெனியின் பிரதிநிதி போன்றவர்கள். ஸ்பானிஷ் வேண்டும். வேலைக்கு முந்திய பாதுகாப்புப் பேச்சான காலை டூல்பாக்ஸ் மீட்டிங் முழுக்க அதில்தான் நடக்கும்.

ஆனால் கடலோரத்துக்கு வேலையை இறக்குங்கள் என்று நான் சொன்னேன் அல்லவா, அந்த வேலை எந்தக் கடலோரத்திலும் நடக்கலாம். நம் காட்டுப்பள்ளிப் பக்கம் பெரிய மாட்யூல்களைக் கட்டிக் கப்பலேற்றும் யார்டு இருக்கிறது. ஸ்டீல், பைப் ரேக், மின்அறை, டாங்க் என்று இங்கே கட்டி அனுப்பும் திறமை நம்மிடம் உண்டு. அங்கே போக முடியாத வெல்டரின் கை இங்கிருந்தே அந்தச் சுரங்கத்துக்குள் போகலாம். அதற்கு வேண்டியது அளவுத் துல்லியம். அனுப்பும் முன் யார்டிலேயே பக்கத்து மாட்யூலோடு ஒருமுறை பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று மேட்ச் மார்க் போட்டு, அளவு ரிப்போர்ட்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு போல்ட் துளை 5 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் இங்கே அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். மேலே அதற்கு தீப்பொறி வேலைக்கான ஹாட் வொர்க் பெர்மிட், ஆளை உயரத்துக்குத் தூக்கும் மேன்லிஃப்ட், பெயின்ட் ரிப்பேர் என்று ஒரு ஷிஃப்ட் போய்விடும்.

ஏஜென்ட் சிலி விசா என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

முதலில் அவர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் கட்டணமாக வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம். ஆஃபர் லெட்டர் கையில் வந்தால் சம்பளத்துக்கு முன்னால் மூன்றைத் தேடுங்கள்: சைட்டும் கேம்பும் எத்தனை மீட்டர் உயரத்தில், ஷிஃப்ட் எத்தனை நாள் மேலே எத்தனை நாள் கீழே, உடம்புக்கு முடியாமல் இறக்கிவிட்டால் மருத்துவச் செலவும் திரும்பும் டிக்கெட்டும் யாருடையது. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.